ஆறடி ஆளுக்கு ஏற்றிய டேபிள்

ஆபரேஷன் தியேட்டர் வேலை என்றால் கத்தி, ரத்தம், தையல் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதெல்லாம் டாக்டருக்கு, மற்ற எல்லோருக்கும் அது நிற்கிற வேலை.

ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிற அக்காமார், பரோட்டாக் கல்லை விட்டு நகர முடியாத மாஸ்டர்கள், பஸ் கம்பியில் சாய்ந்துகொண்டே டிக்கெட் கிழிக்கிற அண்ணன்மார், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கால் வீங்கி, இடுப்பு கடுத்து வீட்டுக்குப் போனால் "அப்படி என்ன வெட்டி முறிச்ச?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வி எனக்கும் தினம் வருகிறது. அதனால் நமக்குள் மறைக்க ஒன்றுமில்லை.

என் பெயர் பாண்டிச்செல்வி. ஊர் பரவை. பத்தொன்பது வயசு நடக்கிறது. பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். குடும்பக் கஷ்டம் என்று கதை விட மாட்டேன். பசுமலைப் பக்கம் ஒரு வருஷம் தியேட்டர் உதவியாளர் கோர்ஸ் முடித்து, மதுரையில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது.

இதில் முக்கால்வாசி மும்தாஜ் அக்காவைப் பற்றியது. காஜிமார் தெரு. பதினாலு வருஷமாக டாக்டருக்கு எதிரே நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் கருவி அவர் உள்ளங்கையில் இருக்கும். அந்த வலது கையில் போன வருஷம் மூன்று விரல் மரத்துப் போனது. விரல் போனால் தியேட்டர் போகும். தியேட்டர் போனால் அக்காவுக்கு என்ன மிச்சம்? இதைக் கோபப்படாமல் எழுதலாம் என்று இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

பட்டனை அமுக்கு

டேபிளை ஏற்றி இறக்குகிற ரிமோட் என் பொறுப்பு. சேர்ந்த முதல் வாரம். பெரிய டாக்டர் வந்து நின்றார். ஆஸ்பத்திரியே அவருடையதுதான், ஆள் ஆறடிக்கு மேல் இரண்டு விரற்கடை. முழங்கையை மடக்கிப் பார்த்துவிட்டு "ஏத்து" என்றார். ஏற்றினேன். "இன்னும்." ஏற்றினேன். படுத்திருந்தவரின் இடுப்பு தன் முழங்கை மட்டத்துக்கு வந்த பிறகுதான் போதும் என்றார். அவருக்குச் சரி. எதிரே நின்ற மும்தாஜ் அக்கா நாலடி பத்து அங்குலம். டேபிள் அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. தோளைக் காது வரைக்கும் தூக்கி, குதிகாலை எக்கி, கழுத்தை நீட்டி நின்றார். கிருமி நீக்கிய கவுனும் கையுறையும் போட்டுவிட்டால் கையை இடுப்புக்குக் கீழே இறக்கக் கூடாது. வலிக்கிற தோளைத் தொடக் கூடாது. மூக்கு அரித்தால்கூட அரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்படியே இரண்டரை மணி நேரம்.

கேஸ் முடிந்ததும் தியேட்டர் பொறுப்பாளர் மேரி சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், நிக்கிறது நாலு பேரு. டேபிள யாரு உயரத்துக்கு வைக்கணும்?" கோர்ஸில் இதைச் சொல்லித் தரவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். சிஸ்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "படிச்சவரு உயரந்தான் டேபிளோட உயரம். நீ பட்டன அமுக்கு."

சலைன் பெட்டி

ஏறி நிற்க ஒரு படிப்பலகை இருக்காதா என்று கேட்பீர்கள். இருந்தது. இரும்புப் பலகை. ஒரு காலில் ரப்பர் போய், ஏறினால் ஆடும். அதை ஸ்டோர் ரூமில் மேல்தட்டிலிருந்து பஞ்சு எடுக்க வைத்திருந்தார்கள். பஞ்சு எடுக்கப் பலகை, ஆள் நிற்க அட்டைப்பெட்டி! ஆமாம், சலைன் பாட்டில் வருகிற அட்டைப்பெட்டி, பாட்டிலோடு. மேலே ஒரு பச்சைத் துணியை மடித்துப் போட்டால் எங்கள் தியேட்டரில் அதற்குப் பெயர் மேடை. பெரிய கேஸ் என்றால் அக்கா அதன் மேல்தான் ஏறுவார்.

ஒரு நாள் தொடை எலும்பு முறிந்த கேஸ். காயத்தைக் கழுவிய தண்ணீர் தரையில் ஓடி, பெட்டிக்கு அடியில் போயிருக்கிறது. அட்டை ஊறி, உள்ளே பாட்டில்கள் சரிந்து, பெட்டி மெதுவாக உட்கார ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. அக்கா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் டாக்டர் கை அசங்கிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். டாக்டர் கையை நீட்டினார், கருவி வழக்கமான இடத்தை விடக் கொஞ்சம் கீழே கிடைத்தது. அடுத்தது இன்னும் கீழே. "என்ன மும்தாஜ், இன்னைக்கு உன் கை இறங்கிக்கிட்டே போகுது?" என்றார். அக்கா காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கை இல்ல சார், நானே இறங்கிக்கிட்டு இருக்கேன்."

ஈய அங்கி

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கடுப்பாக வருகிறது.

அடுத்து ஈய அங்கி. அவ்வப்போது எக்ஸ்ரே போட்டுப் பார்த்துக்கொண்டே எலும்புக்குள் கம்பி ஏற்றுகிற கேஸில், உள்ளே நிற்கிற எல்லோரும் ஈயம் வைத்த அங்கி மாட்ட வேண்டும். ஒரு கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். எங்களிடம் இருந்த நாலும் ஆம்பளை அளவு. பெரிய டாக்டருக்கு முழங்காலோடு நிற்கிற அங்கி அக்காவுக்குக் கணுக்காலைத் தட்டும். இடுப்பில் ஒரு பட்டை கட்டி இறுக்கினால் பாதி எடை இடுப்புக்கு இறங்கிவிடும். எங்கள் அங்கிகளில் அந்தப் பட்டை அறுந்து எத்தனை காலமோ. முழுப் பாரமும் தோளிலும் கழுத்திலும். கழுத்து ஏற்கெனவே அங்கே எக்கிக்கொண்டு நிற்கிறது, ஞாபகமிருக்கிறதா?

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நாலு இஞ்சு பேண்டேஜ் சுருளை எடுத்து, அக்கா கவுன் போடும் முன் அங்கியோடு சேர்த்து இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். "அல்லாவே, எனக்குத் தோளு இருக்குன்னே இப்பத்தான் தெரியுது" என்றார் அக்கா. அதைப் பார்த்துவிட்டு அருண் டாக்டர் ஓடி வந்தார். பெரிய டாக்டருக்குத் துணையாக நிற்கிற சின்ன டாக்டர் அவர். நோயாளியின் காலைத் தூக்கிப் பிடித்தே அவருக்குப் பாதி இளமை போய்விட்டது. அவருக்கும் கட்டினேன். மறுநாள் மேரி சிஸ்டர் பேண்டேஜ் அலமாரியைப் பூட்டினார். அங்கிக்குப் புதுப் பட்டை கேட்டதற்கு "பாப்போம்" என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூட்டைப் பார்த்து நின்ற அருண் டாக்டர் பிடரியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த அங்கி நம்மள எக்ஸ்ரேட்ட இருந்து காப்பாத்தும் பாண்டி. இந்த அங்கிட்ட இருந்து நம்மள யாரு காப்பாத்துறது?"

ஏசிக்குப் போட்ட பாயின்ட்

முழங்காலுக்குள் கேமரா விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே செய்கிற கேஸ் ஒன்று உண்டு. டி.வி. வைத்த ட்ராலி சுவரோரமாக, பெரிய டாக்டரின் இடது தோளுக்குப் பின்னால் நிற்கும். கை முழங்காலில், கண் பின்னால் டி.வி.யில், கழுத்து பிழிந்து போட்ட ஈரத் துணி மாதிரி. அவருக்கே அது கஷ்டம்தான், ஒத்துக்கொள்ள மாட்டார். நான் என்ன செய்தேன், ட்ராலியை அவருக்கு நேர் முன்னால் தள்ளிவிட்டு, ஒயர் எட்டாததால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டேன். ஈரத் தரையில். மேரி சிஸ்டர் பார்த்துவிட்டு நாலு பேர் முன்னால் கிழி கிழி என்று கிழித்தார். அது என் தப்பு. தண்ணீர் ஓடுகிற இடத்தில் கரண்டை இழுத்துவிட்டது மடத்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்ராலியை மறுபடி அதே பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அந்தத் தப்பை யார் ஒத்துக்கொள்வது?

மறுநாள் ஆஸ்பத்திரி எலக்ட்ரீசியனைப் பிடித்தேன். "அண்ணே, அந்தப் பக்கத்துச் சுவத்துல ஒரு பாயின்ட்டு போட எம்புட்டு நேரமாகும்?" அரை மணி நேரம் என்றார். அப்புறம் ஏன் இத்தனை வருஷமாகப் போடவில்லை? யாரும் எழுதிக் கொடுக்கவில்லையாம். அவர் டெஸ்டரைப் பையில் சொருகிக்கொண்டு சொன்னதை அப்படியே தருகிறேன்: "இந்தப் பாயின்ட்டு கட்டடம் கட்டுறப்ப ஏசிக்குப் போட்டது தங்கச்சி. டி.வி. அதுக்கப்புறம் வந்துச்சு. டாக்டரு கழுத்துவலி அதுக்கும் அப்புறம் வந்துச்சு."

வரப்பு

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து விழுந்தேன். அம்மா நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவள். காலில் சேறு காயாமல் வந்து நின்று, "ஏசியில நின்னுட்டு வந்தவளுக்கு என்னடி இம்புட்டு அலுப்பு?" என்றாள். எனக்கு ஆத்திரம். எழுந்து நடித்தே காட்டினேன். அருண் டாக்டர் காலைத் தூக்கிப் பிடிப்பது, அக்கா எக்கி நிற்பது, பெரிய டாக்டர் குனிந்தது குனிந்தபடி இருப்பது.

"எம்புட்டு நேரம் இப்பிடி?"

"மூணு மணி நேரம். சில நாளு நாலு."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல."

அம்மா முகம் மாறிவிட்டது. வயல் வேலைக்காரி ஒருத்தி ஆஸ்பத்திரி வேலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். "நாங்களாச்சும் ஒரு பத்தி நட்டு முடிச்சா வரப்புல ஏறி, இடுப்புல கைய ஊண்டி ஒரு தடவ நிமிருவோம். உங்களுக்கு வரப்பே கெடையாதாடி?"

ஒரு நிமிஷம் சார்

அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த நீளமான கேஸில் ஒரு மணி நேரம் தாண்டியதும், எக்ஸ்ரே மெஷினைத் திருப்புகிற இடைவெளியில் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் யாருக்கும் வேலை இல்லை, சும்மாதான் குனிந்திருந்தார்கள். "சார், ஒரு மணி நேரமாச்சு. ஒரு நிமிசம் எல்லாரும் நிமுந்து தோளை உருட்டிக்கலாமா?" அருண் டாக்டர் பாதி நிமிர்ந்துவிட்டு, பெரிய டாக்டர் நிமிரவில்லை என்று தெரிந்ததும் திரும்பக் குனிந்துகொண்டார். அக்கா, பேசாம இரு என்று கண்ணைக் காட்டினார்.

"இது என்ன பி.டி. பீரியடா?" என்றார் பெரிய டாக்டர். "இருவத்தஞ்சு வருசமா இப்பிடித்தான் நிக்கிறேன். எனக்கு என்ன ஆயிருச்சு?" என்ன ஆயிற்று என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவரைப் பக்கவாட்டில் கூப்பிட்டால் தலை திரும்பாது. பிரிட்ஜை நகர்த்துகிற மாதிரி ஆளே மொத்தமாகத் திரும்புவார். கேஸ் முடிந்து வெளியே வரும்போது மயக்க மருந்து டாக்டர் என் காதோரம் சொன்னார். தியேட்டரிலேயே உட்கார ஸ்டூல் உள்ள ஒரே ஆள் அவர்தான், அதனால் மனசு லேசாகப் பேசுவார்: "அவருட்ட வேற எதையாச்சும் கேளும்மா. குனிஞ்சு குனிஞ்சு அவருக்கு மேல கூரை இருக்கா இல்லையான்னே தெரியாது."

மைக்

அக்கா கையிலிருந்து முதலில் விழுந்தது தையல் ஊசி பிடிக்கிற கருவி. டாக்டர் கத்தினார், வேறு எடுத்துக் கொடுத்தோம், முடிந்தது. உடை மாற்றும் அறையில் அக்கா சூடான டீ டம்ளரை வலது கையில் பிடித்துக்கொண்டு, "சுடுதா பாரு புள்ள" என்றார். நான் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். அவர் இழுக்கவில்லை. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் சிவந்து கிடக்கின்றன, அவருக்குத் தெரியவில்லை. "யார்ட்டயும் சொல்லிறாத. தெரிஞ்சா வெளிய ஒக்கார வச்சிருவாங்க. மூத்தவ பன்னெண்டாவது படிக்கிறா. இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிருவேன், இன்ஷா அல்லா." சரி என்றேன்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விழுந்தது கத்தி. அருண் டாக்டரின் பெருவிரலுக்கு அரை விரற்கடை தள்ளி விழுந்தது. "தூங்குறியா மும்தாஜ்?" என்று பெரிய டாக்டர் உறுமினார். தூங்குகிறாளாம்! எனக்கு எங்கிருந்து வந்ததோ, "அவங்க தூங்கல சார். அவங்களுக்கு மூணு வெரலு மரத்துப் போச்சு. இந்த டேபிளும் பெட்டியுந்தான் காரணம்" என்று கத்திவிட்டேன். மேரி சிஸ்டர் கை கழுவி அக்கா இடத்துக்கு வந்தார். அக்கா கவுனைக் கழற்றிவிட்டு வெளியே போனார். கேஸ் முடிந்து ஓடினேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அழவில்லை. பர்தாவின் பட்டனை இடது கையால் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "உன்ட்டத்தான புள்ள சொன்னேன், மைக்குலயா சொன்னேன்?"

புதன்கிழமை

அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்தது பெரிய டாக்டரேதான். கழுத்தில் எலும்புக்கு நடுவே இருக்கிற ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது. அக்கா துணைக்கு என்னைக் கூப்பிடவில்லை, ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானாகப் போய் நின்றேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப அக்கறையாக விளக்கினார். "தோளைத் தூக்கிக்கிட்டு, கழுத்தை நீட்டிக்கிட்டு, மணிக்கணக்கா நின்னா இப்பிடித்தான் ஆகும். உன்னை யாரும்மா அப்பிடி நிக்கச் சொன்னது?" சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. பதினாலு வருஷம் ஒரு டேபிள் அகலத்தில் எதிரே நின்றவள் எப்படி நின்றாள் என்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கழுத்துப் பட்டை, மாத்திரை, பிசியோதெரபி, ஆறு வாரம் முழு ஓய்வு என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். ஆறு வாரம் என்று எழுதியதும் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "அப்ப புதன்கிழமை கேசுக்கு யாரு நிப்பா?"

கிரைண்டர்

அக்கா என் போனை எடுக்கவில்லை. லீவு முடிகிற வரைக்கும். அவர் கோபம் நியாயம், என் வாய் அப்படி. ஆனால் கத்தி விழுந்த பிறகும் நான் சும்மா இருந்திருந்தால் அது இன்னும் பெரிய தப்பு, அதிலும் நான் மாறப்போவதில்லை. செய்ய முடிந்தது ஒன்றுதான்: அக்கா திரும்பி வருகிற அன்று ஏறி நிற்க ஒழுங்கான பலகை இருக்க வேண்டும். முதலில் மரப்பலகை செய்து கொண்டுபோனேன். மரம் ரத்தத்தைக் குடிக்கும், கழுவினால் போகாது என்று மேரி சிஸ்டர் திருப்பி அனுப்பினார். அடுத்து பெயிண்ட் அடித்த இரும்பு. பெயிண்ட் உரியும், துரு வரும், அதுவும் கூடாது. இரண்டு தடவையும் அவர் சொன்னது சரிதான், அதனால் இன்னும் எரிச்சல். மேனேஜர் "கம்பெனில இருந்து வரவைக்கிறோம்" என்றார். வந்தால் சொல்லுங்கள், நானும் பார்க்கிறேன்.

லீவு நாளில் ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனேன். அங்கே ஹோட்டல் சமையல்கட்டுக்கு எவர்சில்வர் மேசை அடிக்கிற ஒரு பட்டறை. காளிமுத்து அண்ணன் நான் வரைந்து கொண்டுபோன பலகைப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேல என்ன மிசின் வரும்?" என்றார். ஆள் வரும் என்றேன். "எம்புட்டு நேரம் நிப்பாக?" மூன்று நாலு மணி நேரம் என்றேன். என் படத்தில் அகலம் பத்தாது என்று பென்சிலால் அடித்துவிட்டார். "ஒரே எடத்துல காலை ஊண்டி எவனாலயும் நிக்க முடியாது. மாத்தி மாத்தி வைக்க எடம் வேணும்ல" என்று இன்னும் அரை அடி சேர்த்து, ஒரு காலைத் தூக்கி வைக்க முன்னால் ஒரு குழாயும் வைத்தார். மேலே வழுக்காத ரப்பர். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இதற்கு முன் எதில் நின்றார்கள் என்று கேட்டார். சொன்னேன். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றினார். "ஓடுற கிரைண்டருக்கே நாலு ரப்பர் புஷ்சு வச்சுத்தான் அனுப்புறேன். மனுசப்பிள்ளைய அட்டப்பெட்டி மேலயா ஏத்துனாங்க?"

ஏற்ற மாட்டேன்

எட்டு வாரம் கழித்து அக்கா வந்தார். மேனேஜர் அவருக்கு ஃபைல் அடுக்குகிற அறையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். "பாவம்மா, ஒக்காந்து வேலை பாருங்க." அக்கா அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. நேராக மேரி சிஸ்டரிடம் போய், "ஒரே ஒரு கேசு குடுங்க சிஸ்டர். ஒரு சாமான் கீழ விழுந்தாலும் நானே போய் ஃபைலு அடுக்குறேன்" என்றார். கொடுத்தார்கள்.

நோயாளியை டேபிளில் கிடத்தி மயக்க ஊசி போட்டாயிற்று. இன்னும் மருந்து தடவித் துடைக்க ஆரம்பிக்கவில்லை. பெரிய டாக்டர் முழங்கையை மடக்கி, "ஏத்து பாண்டி" என்றார். மேரி சிஸ்டர் திருப்பி அனுப்பாத அந்த எவர்சில்வர் பலகை இன்னும் சுவரோரமாகக் கிடந்தது. அக்கா எக்கி நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தார், பழக்கம் அப்படி. நான் ரிமோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். "அக்கா பலகையில ஏறட்டும் சார். அப்புறம் ஏத்துறேன்." என்ன சொன்ன என்பது போலப் பார்த்தார். திரும்பவும் அதையே சொன்னேன். "யாரு தியேட்டரு இது?" என்றார். "உங்க தியேட்டரு சார். அவங்க கழுத்து அவங்களோடது." இன்றோடு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்போது சரக்கென்று ஒரு சத்தம். மேரி சிஸ்டர் சுவரோரம் கிடந்த பலகையைக் காலாலேயே தள்ளிக்கொண்டு வந்து அக்கா பக்கம் போட்டார். "ஏறு மும்தாஜ். நேரமாகுது."

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம் நடந்தது கேஸ். நான் அக்காவின் வலது கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இறங்கி இருந்தது. அவருக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பது எனக்கே அன்றுதான் கண்ணில் பட்டது. கனமான சுத்தியலை மட்டும் இடது கைக்கு மாற்றிக் கொடுத்தார். எதுவும் விழவில்லை. கை கழுவுகிற இடத்தில் பெரிய டாக்டர் பலகையைப் பற்றி, "நல்ல யோசனை. இத்தனை வருசத்துல ஒருத்தர்கூட எங்கிட்டச் சொல்லலையே" என்றார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். அவர் போகும்வரை மிதித்தபடியே நின்றுவிட்டு, கையுறையை உரித்துப் போட்டார். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டிப் பார்த்தார். இரண்டு மாசமாக என்னிடம் பேசாதவர், கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ரெண்டு வெரலு வந்துருச்சு புள்ள. சுண்டுவெரலு மட்டும் இன்னும் லீவுல இருக்கு."

ஆகக்கூடி, ஒரு ஆபரேஷன் தியேட்டரில் முதுகுக்கு மெத்தை, கைக்கு முட்டு, கழுத்துக்குத் தலையணை என்று பார்த்துப் பார்த்து வைக்கப்படுவது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அந்த ஆளும் அதை உணர முடியாதபடி முதலிலேயே ஊசி போட்டுவிடுகிறார்கள்.